மூக்குக் காற்றும் மூளைப் படமும்

எம்.ஆர்.ஐ. இயந்திரம் வைக்க இடம் பார்க்கிறவர்கள் முதலில் விசாரிப்பது பக்கத்தில் என்னென்ன ஓடுகிறது என்பதைத்தான். மின்சார ரயில் பாதை எவ்வளவு தூரம், லிஃப்ட் எந்தச் சுவரை ஒட்டி ஏறி இறங்குகிறது, லாரிகள் எங்கே வந்து நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஹைதராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரி மாதிரி ரயில் சந்திப்பைச் சுற்றி வளர்ந்த ஊரில் இவை சம்பிரதாயக் கேள்விகள் அல்ல. பெரிய இரும்பு நகர்ந்தால் காந்தப்புலம் அசையும். புலம் அசைந்தால் படம் கெடும். இருந்தாலும் இடத்தைத் தள்ளிப் போட்டும் கவசம் கட்டியும் அதைச் சமாளித்துவிடலாம். மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்யும் எம்.ஆர்.ஐ. படத்தை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோணலாக்குவது வேறொன்று. படுத்திருப்பவரின் மூக்குக்குப் பின்னாலும், நெற்றி எலும்புக்குள்ளும், காதின் உட்குழிகளிலும் இருக்கும் காற்றுதான் அது. அதைத் தள்ளி வைக்க இடமில்லை; தடுக்கக் கவசமும் இல்லை. படம் எடுத்த பிறகு கணக்குப் போட்டுத்தான் நேராக்க வேண்டும். அந்த நேராக்கும் வேலை இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டது. அது கட்டாயம் வேண்டிய வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது நடக்கும் விதத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அளந்து திருத்தியதும் ஊகித்துத் திருத்தியதும் கடைசியில் ஒரே மாதிரிப் பளிச்சென்ற படமாக வந்து நிற்கின்றன. எது எது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

கோணல் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் திருத்தத்தின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன. மூளைத் திசு ஏறத்தாழ நீரைப் போல, காந்தப்புலத்தை மிகச் சிறிதளவு எதிர்க்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோ அதன் பக்கம் லேசாக ஈர்க்கப்படுகிறது. இரண்டின் காந்த ஏற்புத்திறனுக்கும் உள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு. கேட்பதற்குத் தூசு மாதிரி இருக்கிறது. ஆனால் 3 டெஸ்லா இயந்திரத்தில் நீரின் புரோட்டான்கள் விநாடிக்கு ஏறத்தாழ 12.8 கோடி முறை சுழல்கின்றன. புலம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலே அந்த வேகம் 128 ஹெர்ட்ஸ் மாறிவிடும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு இடம் என்பதே அதிர்வெண்தான். புரோட்டான் எந்த வேகத்தில் சுழல்கிறது என்பதை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று இயந்திரம் முடிவு செய்கிறது. காற்றுக்குழியின் அருகே வேகம் மாறிவிட்டால், அங்கிருக்கும் திசு வேறெங்கோ இருப்பதாக நம்பி, அங்கே கொண்டுபோய் வரைந்துவிடுகிறது.

சாதாரண உடற்கூற்றுப் படத்தில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. செயல்பாட்டுப் படத்தில் அது பெரிதாவதற்குக் காரணம் வேகம். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுவதை எம்.ஆர்.ஐ. சிக்னலில் பிடிக்கலாம் என்று செய்ஜி ஒகாவாவின் குழு 1990-ல் காட்டியது. 1992-லேயே மனித மூளையில் அது நடந்தேறியது. ஓரிரு விநாடிக்குள் முழு மூளையையும் படமெடுத்தால்தான் அந்த மாற்றம் வசப்படும். அதற்குக் கைகொடுத்தது பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-ல் முன்வைத்த எக்கோ பிளானார் முறை. 2003-ல் நோபல் பரிசு பெற்ற அவருடைய பணிகளில் இதுவும் அடக்கம். ஒரு குறுக்குவெட்டின் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் படித்து முடிப்பது இந்த முறை. 64 வரிகள், வரிக்கு அரை மில்லி விநாடி என்று வைத்தால் மொத்தம் 32 மில்லி விநாடி. அப்படியானால் வரிகள் அடுக்கப்படும் திசையில் ஒரு வோக்சலுக்கும் (படத்தின் முப்பரிமாணப் புள்ளிக்கும்) அடுத்ததற்கும் உள்ள இடைவெளி வெறும் 31 ஹெர்ட்ஸ்தான். முன்மூளையின் அடிப்பகுதியில் புலம் 100 ஹெர்ட்ஸ் பிசகுவது சாதாரணம். அப்போது அங்குள்ள திசு மூன்று வோக்சலுக்கு மேல் நகர்ந்து விழும். வோக்சல் 3 மில்லிமீட்டர் என்றால், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். குறுக்குத் திசையிலோ ஒவ்வொரு வரியும் மின்னல் வேகத்தில் படிக்கப்படுவதால், அதே 100 ஹெர்ட்ஸ் ஒரு வோக்சலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நகர்வையே தரும். ஆக, படம் எல்லாத் திசையிலும் குலைவதில்லை. ஒரே திசையில் மட்டும் இழுபடுகிறது. முன்னிருந்து பின்னாக வரிகளை அடுக்கினால் நெற்றிப் பக்கம் நசுங்கும், பின்னிருந்து முன்னாக அடுக்கினால் அதே நெற்றி மூக்கு முளைத்தது போல நீளும்.

ஒரு சென்டிமீட்டர் என்பது ஆய்வுக் கட்டுரையில் வண்ணப் புள்ளி சற்றுத் தள்ளி விழுவதாக இருக்கலாம். அறுவை அரங்கில் அதன் பொருள் வேறு. மூளைக் கட்டிக்கோ வலிப்பு நோய்க்கோ அறுவை செய்யுமுன், நோயாளியின் பேச்சுப் பகுதி எங்கே இருக்கிறது என்று செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. மூலம் பார்ப்பது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் நெடுநாளாக நடந்துவரும் பணி. பொட்டு மடலில் கட்டிகளை அகற்றியவர்களை ஆராய்ந்து 1994-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, வெட்டும் விளிம்புக்கும் பேச்சுப் பகுதிக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் நிரந்தரப் பேச்சிழப்பு அரிது என்று கண்டது. அறுவை நிபுணர் விட்டுவைக்க நினைக்கும் அதே ஒரு சென்டிமீட்டரைத்தான் மூக்குக் காற்று படத்தில் நகர்த்திவிடுகிறது. பொட்டு மடலின் அடிப்பகுதியோ காதுக்குழியின் காற்றுக்கு நேர் மேலே இருக்கிறது. எனவே திருத்தம் தேவையா என்ற கேள்வி எனக்கு முடிந்துபோன கேள்வி. எந்தத் திருத்தம், எதை நம்பி என்பதே மீதி.

நல்ல திருத்தம் எது என்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது: அந்தத் தலையை, அன்றைக்கே, அளப்பது. இரண்டு வழிகள் நிலைத்தன. ஒன்று, 1995-ல் பீட்டர் ஜெஸார்டும் ராபர்ட் பாலபனும் எழுதிக்காட்டிய புல வரைபட முறை. சற்றே இடைவெளி விட்ட இரண்டு கணங்களில் சிக்னலின் கட்டத்தைப் பதிவு செய்து, அந்த இடைவெளியில் அது எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால், ஒவ்வொரு புள்ளியிலும் புலம் எத்தனை ஹெர்ட்ஸ் பிசகியது என்பது நேரடியாகத் தெரிந்துவிடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டம் கடிகார முள் மாதிரி. முள் மூன்றில் நிற்பதைப் பார்த்து அது எத்தனை சுற்றுச் சுற்றி வந்து நின்றது என்று சொல்ல முடியாது. 3 டெஸ்லாவில் பலரும் வைக்கும் 2.46 மில்லி விநாடி இடைவெளிக்கு ஒரு முழுச் சுற்று 406 ஹெர்ட்ஸ். காற்றுக்குழியை ஒட்டிய இடங்களில் புலம் இந்த எல்லையைத் தொடும்போது, சுற்றைத் தவறாக எண்ணிவிட்டால் ஒரு பகுதி மொத்தமாகத் தப்பான பக்கம் தள்ளப்படும். மற்ற வழி இன்னும் அழகானது. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு படம் எடுத்தால், ஒன்றில் நசுங்கிய அதே இடம் மற்றதில் அதே அளவு நீண்டிருக்கும். உண்மையான இடம் இரண்டுக்கும் நடுவில். 1992-லேயே சாங்கும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சொன்ன இந்த எண்ணத்தை ஆண்டர்சன், ஸ்காரே, ஆஷ்பர்னர் மூவரும் 2003-ல் முழுமையான கணக்காக்கினார்கள். எஃப்.எஸ்.எல். மென்பொருள் தொகுப்பில் ‘டாப்அப்’ என்ற பெயரில் அது இன்று ஆய்வு மாணவர்கள் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அந்த எதிர்த்திசைப் படங்களை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பிரிட்டனின் மருத்துவத் தரவுத் திட்டமான யு.கே. பயோபேங்க் அதற்கென்று தனி நேரமே ஒதுக்காமல், நரம்பிழைப் படத்துக்காக எடுத்த எதிர்த்திசைப் படங்களையே செயல்பாட்டுப் படத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறது.

இந்த இரண்டு முறைகளின் பெருமை, அவை யாருடைய தலையையும் முன்மாதிரியாக வைப்பதில்லை என்பதுதான். ஒருவருடைய நெற்றிக்குழி பெரிதா சிறிதா, அன்று தலையை எவ்வளவு சாய்த்திருந்தார், சைனஸில் சளி அடைத்திருந்ததா என்பதெல்லாம் அளவிலேயே வந்துவிடுகின்றன. ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’ என்று நாம் சொல்கிறோமே, அந்த நிலைமையையே எடுத்துக்கொள்வோம். காற்று இருந்த குழியில் சளி நிறைந்துவிட்டால், திசுவுக்கும் பக்கத்துக் குழிக்கும் இருந்த காந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிடும். அதே மனிதருக்கு அந்த வாரம் எடுத்த படம் ஒருவிதமாகவும் அடுத்த மாதம் எடுத்த படம் வேறுவிதமாகவும் கோணலாக இருக்கும். அன்றைக்கு அளந்திருந்தால் இது பிரச்சினையே இல்லை.

ஆனால் அளந்து செய்த திருத்தமும் சர்வரோக நிவாரணி அல்ல. இடம் மாறி விழுந்த சிக்னலைத் திரும்ப அதன் இடத்துக்குக் கொண்டுவர முடியும். அழிந்துபோன சிக்னலைக் கொண்டுவர முடியாது. காற்றை ஒட்டிய இடங்களில் ஒரே வோக்சலுக்குள்ளேயே புலம் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருப்பதால், புரோட்டான்கள் ஒத்திசைவை இழந்து ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. கண்குழிக்கு மேலுள்ள முன்மடலின் அடிப்பாகம் படத்தில் கருந்துளையாக விழுவது இதனால்தான். பலனை எடைபோடுவதும் முடிவெடுப்பதும் சார்ந்த ஆய்வுகள் எல்லாம் இந்த இடத்தையே சுற்றிவருகின்றன என்பது பெரிய வருத்தம். இன்னொன்று, நசுங்கிய பக்கத்தில் மூன்று நான்கு இடங்களின் சிக்னல் ஒரே வோக்சலில் குவிந்துவிட்டால், மூன்று குடம் பாலை ஒரே அண்டாவில் ஊற்றிய பிறகு எது எந்தக் குடத்துப் பால் என்று பிரிப்பது போலத்தான் அது. புல வரைபடம் மொத்தத் தொகையை விரித்துப் பரப்பித் தரும். பழைய விவரத்தைத் தராது. இதைத் துறையறிந்த ஒவ்வொருவரும் அறிவார்கள். ஆனால் திருத்தி முடித்த படத்தில் மூளையின் வெளிக்கோடு வழுவழுவென்று உடற்கூற்றுப் படத்தோடு பொருந்தி நிற்கும்போது, உள்ளே ஒரு பகுதி வெறும் நிரப்பல் என்ற எண்ணம் யாருக்கும் எழுவதில்லை. திருத்துவதற்கு முன் அசிங்கமாக இருந்த படம் தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது; திருத்தியபின் அது வாயடைத்துப்போகிறது.

எழுத்தளவில் ஒரு சிறு தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஒரு காட்சி. கருவியிலிருந்து வரும் கோப்புக்குத் துணையாக ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும். வரிகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டன என்பது அதில் ஒரேயொரு எழுத்து. எதிர்த்திசை என்றால் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி. அந்தக் குறி விடுபட்டால் மென்பொருள் எந்தப் புகாரும் சொல்லாது. நகர்த்த வேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் அதே அளவு நகர்த்திவிடும். ஒரு சென்டிமீட்டர் பிழை இரண்டு சென்டிமீட்டராகும். கண்ணுக்கு மேலே முன்மடல் விசித்திரமாகக் குழிந்தோ புடைத்தோ தெரிவதைப் பார்க்கப் பழகியவர் உடனே பிடித்துவிடுவார். நூற்றுக்கணக்கான படங்களை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இந்தக் குறையை எந்தச் சூத்திரமும் தீர்க்காது. மனிதக் கண் ஒவ்வொரு படத்தையும் ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும். எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப் என்ற மென்பொருளின் பெரிய நன்மை என்று நான் கருதுவதும் அதன் கணக்கை அல்ல. திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் அறிக்கையை ஒவ்வொரு ஆளுக்கும் அது தானாக எழுதித் தருவதைத்தான்.

அடுத்தது, அளவே எடுக்காமல் திருத்துவது. பழைய பொதுத் தரவுத் தொகுப்புகள் பலவற்றில் புல வரைபடம் கிடையாது. மருத்துவமனை அவசரத்தில் எடுத்தவற்றில் அனேகமாக இருக்காது. அவற்றுக்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். அதே ஆளின் கோணலில்லாத உடற்கூற்றுப் படத்தை வைத்துக்கொண்டு, செயல்பாட்டுப் படத்தை அதோடு பொருந்தும்வரை ஒரு திசையில் மட்டும் இழுப்பது. எங்கெங்கே இழுக்கலாம் என்பதற்குப் பலருடைய சராசரிப் புல வரைபடத்தை வேலியாக வைப்பது. எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப் இந்த வசதியைத் தருகிறது, ஆனால் பரிசோதனை நிலையில் உள்ளது என்று சொல்லி, கேட்டால் மட்டுமே செய்கிறது. நரம்பிழைப் படங்களுக்கு 2019-ல் வந்த ‘சின்பி0’ முறை ஒரு படி மேலே போய், கோணலில்லாத படம் எப்படி இருந்திருக்கும் என்று ஆழ்கற்றலால் வரைந்து, அதை எதிர்த்திசைப் படத்தின் இடத்தில் வைக்கிறது. கெட்டிக்காரத்தனமான வழிகள் இவை, பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இவற்றில் திருத்தத்தின் அளவைச் சொல்வது அந்தத் தலை அல்ல, வேறு தலைகள். பழகிய சராசரியிலிருந்து விலகியவர் யாரோ, பெரிய கட்டி உள்ளவர், முன்பே அறுவை ஆனவர், நெற்றிக்குழி வளராத சிறுவர், அவரிடம்தான் இந்த முறை தடுமாறும். துல்லியம் மிகவும் தேவைப்படுகிறவரும் பெரும்பாலும் அவரேதான்.

ஊகித்த திருத்தத்துக்கும் அளந்த திருத்தத்துக்கும் உள்ள தூரத்தை இந்தியா ஒருமுறை நேரடியாகக் கண்டிருக்கிறது, மூளையில் அல்ல, மண்ணில். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் பிரிட்டிஷ் அதிகாரி லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பின்னர் அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் வட இந்தியாவுக்குப் போனது. கல்யாணா, கல்யாண்பூர் என்ற இரு நிலையங்களுக்கு இடையேயான தொலைவை முக்கோண அளவையால் கணக்கிட்டார்கள். நட்சத்திரங்களைப் பார்த்தும் கணக்கிட்டார்கள். இரண்டுக்கும் கோண அளவில் 5.236 விகலை வித்தியாசம் வந்தது. தரையில் அது சுமார் 160 மீட்டர். செங்குத்தைக் காட்ட வேண்டிய தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியாரும் கணித அறிஞருமான ஜான் பிராட் சந்தேகித்தார். மலையின் பருமனை வைத்து அந்த இழுப்பைக் கணக்கிட்டு 1855-ல் வெளியிட்டார். வந்த விடை 15.885 விகலை, கண்டதைவிட மூன்று மடங்கு. அந்தக் கணக்கை நம்பி வரைபடத்தைத் ‘திருத்தி’யிருந்தால், 160 மீட்டர் பிழை போய், எதிர்ப்பக்கம் 330 மீட்டர் பிழை வந்திருக்கும். பிராட் அப்படிச் செய்யவில்லை. கண்ட எண்ணையும் கணக்கிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டார். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் வானியலாளர் ஜார்ஜ் ஏரி அதே ஆண்டில், மலைகளுக்குக் கீழே எடை குறைந்த வேர் இருக்க வேண்டும் என்று எழுதினார். புவி இயற்பியலின் அடிப்படைக் கருத்து ஒன்று அங்கே பிறந்தது. மல்காஜ்கிரியிலிருந்து சில கிலோமீட்டரில், உப்பல் சாலையில், 1961 முதல் இயங்கும் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இன்றும் அந்த வழியிலேயே ஈர்ப்பையும் காந்தத்தையும் ஊகிக்காமல் இடம் இடமாக அளந்து வரைபடம் போடுகிறது. நிலத்துக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை நோயாளியின் தலைக்கும் கொடுக்கலாம்.

வேறு தலைகளின் சராசரி நமக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்விக்கு ஹைதராபாத்திலேயே ஒரு முன்னுரை எழுதப்பட்டிருக்கிறது. கச்சிபௌலியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி. ஹைதராபாத்தில் ஜெயந்தி சிவசுவாமி தலைமையிலான குழு, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தோடு சேர்ந்து, 100 இந்தியர்களின் படங்களிலிருந்து இந்திய மூளை வரைபடம் ஒன்றை 2019-ல் உருவாக்கியது. உலகம் முழுக்கப் புழங்கும் மான்ட்ரியல் மூளை மாதிரியைவிட இந்திய மூளை சராசரியில் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சிறியது என்பது அதில் தெரியவந்தது. இதை வைத்து அதிகம் வாதாடக் கூடாது. அந்த வரைபடம் உடற்கூற்றுப் படங்களால் ஆனது. நெற்றிக்குழியின் அளவையோ காந்தப்புலத்தின் பிசகையோ அது சொல்லவில்லை. மூளையின் அளவு வேறாக இருப்பதால் புலமும் வேறாகத்தான் இருக்கும் என்று தாவினால், நான் குறை சொல்லும் அதே ஊகத்தை நானே செய்தவனாவேன். அது காட்டுவது இவ்வளவுதான்: வெளியூர்ச் சராசரியை நம் தலைகளுக்கு அப்படியே போர்த்துவதற்கு முன், பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டிய கடமை நம்முடையது. அப்படிப் பார்ப்பதற்கு நம் ஆட்களிடம் அளந்து எடுத்த புல வரைபடங்கள் வேண்டும். எடுக்காமல் விட்டால் சோதிக்கவே வழி இருக்காது.

இவ்வளவு கவலை தேவையா, எப்படியும் செயல்பாட்டுப் படத்தை 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை மங்கலாக்கித்தானே ஆராய்கிறோம், அந்த மங்கலில் இந்த நகர்வு கரைந்துவிடாதா என்று ஒரு மறுப்பு உண்டு. பலர் மனதில் இருப்பது இதுதான். கரையாது. மங்கலாக்குவது ஒரு புள்ளியை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புகிறது. அதன் மையம் அங்கேயே நிற்கும். கோணலோ மையத்தையே ஒரு பக்கமாகத் தூக்கிப் போடுகிறது. வீட்டு வாசலில் போட்ட கோலம் மழையில் கரைந்தாலும் அது அந்த வாசல் கோலம்தான். அடுத்த வீட்டு வாசலில் போட்டால் கரைந்தாலும் கரையாவிட்டாலும் அது நம் வீட்டுக் கோலம் ஆகாது. இதைவிட முக்கியமானது, கோணல் ஆளுக்கு ஆள் தற்செயலாக மாறுவதில்லை. ஆண்களின் நெற்றிக்குழி சராசரியில் பெண்களுடையதைவிடப் பெரியது. குழந்தைகளுக்கு அது இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அப்படியிருக்க, இரு குழுக்களின் முன்மடலை ஒப்பிடுகிற ஆய்வில் கிடைக்கும் வேறுபாட்டில் ஒரு பங்கு மூளையுடையதாக இல்லாமல் மூக்கினுடையதாக இருக்கலாம். பங்கேற்பாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இப்படிப்பட்ட சாய்வு சிறியதாகாது. இன்னும் உறுதியான முடிவு மாதிரித் தோற்றம் தரும்.

இன்னொரு மறுப்பு சற்றுக் கூர்மையானது. உடற்கூற்று மாதிரியோடு பொருத்துவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே கோணலான எக்கோ பிளானார் மாதிரி ஒன்றோடு செயல்பாட்டுப் படத்தை நேரடியாகப் பொருத்திவிட்டால், புல வரைபடம் இல்லாமலேயே ஆளுக்கு ஆள் மாறுபாடு குறைகிறது என்று 2017-ல் வின்ஸ் கால்ஹூனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். இது நியாயமான வாதம். புல வரைபடம் கிடைக்காத பழைய தரவைக் குழுவாக ஒப்பிட இதை நானும் ஏற்கிறேன். ஆனால் இது கோணலைத் தீர்ப்பதில்லை. எல்லோரையும் ஒரே கோணலுக்கு உட்படுத்துகிறது. ஒருவருடைய கட்டிக்கும் அவருடைய பேச்சுப் பகுதிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிற மருத்துவருக்கு, குழுவின் ஒழுங்கால் ஒரு பயனும் இல்லை.

கடைசி மறுப்பு நேரமும் பணமும். வாசலில் முதுகுவலிக்காரரும் மூட்டுவலிக்காரரும் வரிசையில் காத்திருக்கிறார்கள்; மல்காஜ்கிரியிலோ மதுரையிலோ ஒரு சாதாரண ஸ்கேன் மையத்துக்குச் செயல்பாட்டுப் படம் எப்போதாவது வரும் விருந்தாளி. அந்த நெருக்கடியில் கூடுதலாக ஒரு படம் எடுக்கச் சொல்வது நியாயமா? செயல்பாட்டுப் பரிசோதனையே, நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்து, தமிழிலோ தெலுங்கிலோ வார்த்தைகளை மனசுக்குள் சொல்லவைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். அதில் ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து, மீதி நேரத்தின் பயனைச் சந்தேகத்துக்கு விடுவது சிக்கனம் ஆகாது. அந்த ஒரு நிமிடமும் முடியாத நிலையில், கோணலையே முதலில் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒரு வரியைப் படிக்கும் வேகமுறை, படத்தின் இரைச்சலைக் கொஞ்சம் கூட்டினாலும் கோணலைப் பாதியாக்கிவிடும். குறுக்குவெட்டைச் சாய்த்து எடுத்தால் முன்மடலின் அடிப்பகுதியில் சிக்னல் இழப்பு குறையும். வெள்ளம் வருமுன் அணை கோலுவது போல, எடுக்கும்போதே காப்பாற்றியதைப் பின்னால் கணக்கால் மீட்க வேண்டியதில்லை.

அளந்த புல வரைபடம் இருந்தும் ஒரு பிசகு மிஞ்சும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரைபடம் ஒரு கணத்தில் எடுத்தது. தலையோ அரை மணி நேரத்தில் அசைகிறது, மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்கூட்டின் காற்று ஏறி இறங்கி மூளையின் புலத்தைக்கூட லேசாக அசைக்கிறது. ஆளின் அசைவோடு கோணலும் மாறுவதைக் கணக்கில் கொள்ளும் முறையை ஆண்டர்சன் குழு 2001-லேயே தந்தது, ஆனால் முழுத் தீர்வு இன்னும் இல்லை. இதனால்தான் திருத்திய படத்தோடு திருத்தத்தின் அளவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு வோக்சலும் எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தப்பட்டது, எந்த இடத்தில் சிக்னலே இல்லாமல் நிரப்பப்பட்டது என்பதை ஒரு சாம்பல் நிழலாகப் படத்தின் மேல் போட்டுக் காட்ட, எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. மென்பொருள் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கிற எண்கள்தான் அவை.

நம் ஊர்களில் நோயாளி ஒரு மருத்துவமனையில் படம் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் ஃபிலிமும் சி.டி.யுமாக இன்னொரு ஊரின் அறுவை நிபுணரிடம் கொண்டுபோகிறார். அந்த சி.டி.யில் பெரும்பாலும் இருப்பது வண்ணம் பூசி முடித்த கடைசிப் படம் மட்டும். அதில் எதிர்த்திசையில் எடுத்த இரண்டு படங்களும், திருத்தாத மூலமும், நகர்த்திய அளவின் வரைபடமும் சேர்ந்து வந்தால், சி.டி.யின் விலையில் ஒரு ரூபாய்கூட ஏறாது. அவற்றைத் திறந்து பார்க்கும் இரண்டாவது மருத்துவர், பேச்சுப் பகுதி என்று காட்டும் சிவப்புப் புள்ளி அளந்து வைத்ததா, ஊகித்து வைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.